திமிங்கிலத்தை விழுங்கிய கணக்கு

1

திருகோணமலையிலே சுவாமி மலையின் உச்சியில் நின்று கீழ்த்திசைக் கடலை நோக்குவோர், பங்குனி சித்திரை மாதங்களிற் சில காலைப் பொழுதுகளில், தொலைவிலே வெண்ணிறமான நீர்த்தாரையொன்று எழுந்து காற்றிற் கரைவதைக் காண்பதுண்டு. அது நீலத் திமிங்கிலம் விடும் மூச்சு. இன்று உலகில் வாழும் உயிர்கள் யாவற்றினும் பெரியது அது. கோணேசரை வழிபட வரும் அடியார் பலர் அதனைக் கண்டும் அலையென்றே எண்ணிச் செல்வர்.

இத்துணைப் பெரிய உயிர் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருவதற்குக் காரணம் உண்டு. மகாவலி கங்கை வந்து சேரும் கொட்டியாரக் குடாவின் அடியிலே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்கிறது. கடலின் ஆழம் ஊரின் வாசலுக்கே வந்து நிற்கிறது. இந்த ஆழந்தான் பேரரசுகளையும் இங்கே இழுத்து வந்தது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் இங்கே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தரும், 1782இற் பிரெஞ்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அதனைக் கைப்பற்றினர். ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை இத்துறைமுகத்தை விட்டு நீங்கவில்லை. வந்தவர் அனைவரும் கப்பல்களை எண்ணினர், பீரங்கிகளை எண்ணினர், பண்டகசாலையிலுள்ள மிளகையும் கறுவாவையும் எண்ணினர். இக்கடலில் வாழ்ந்தவற்றை எண்ணியவர் ஒருவருமிலர்.

துறைமுகத்தை அடுத்த லிங்கநகரிலும் அதன் அயலிலும் வாழும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தொழில் எம்முடையது. உயிரினங்கள் அழிந்துபட்ட வரலாற்றை ஒருநாள் வகுப்பிலே எடுத்துரைத்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “காணாமற்போன மனிசருக்கே கணக்கில்லாத ஊரிலை திமிங்கிலத்துக்குக் கணக்குக் கேக்கிறியளே, சேர்?” என்றான். அவன் குரலிற் குறும்பில்லை. அவன் குடும்பத்தின் கதையை நாம் அறிவோம். வகுப்பு அமைதியாயிற்று. அன்று எம்மாற் சரியான விடை கூற முடியவில்லை.

அவ்வினாவைத் தட்டிக்கழித்தல் எளிது. “இயற்கையைக் காப்பது நம் கடமை” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் வரலாற்றை வர்க்கங்களின் வரலாறாகக் காணப் பழகிய நம்மவர்க்கு அது தகாது. மனிதன் மனிதனைச் சுரண்டுவதை ஒழிக்கப் புறப்பட்டோர், மனிதன் பிற உயிர்க்குலங்களை ஒழித்த கதையை எவ்வாறு நோக்குவது? முற்போக்காளர் பலர் இதனைச் செல்வந்த நாட்டாரின் ஓய்வுநேரக் கவலை என்று ஒதுக்கிவந்துள்ளனர். நாமும் சிலகாலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதை எமக்கு உணர்த்தியது நீலத் திமிங்கிலத்தின் வரலாறே. அவ்வரலாற்றில் நம்மவர் கேட்க விரும்பாத அத்தியாயம் ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமற் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

உயிரினம் ஒன்று முற்றாக அழியக்கூடும் என்னும் கருத்தே மனித சிந்தனைக்குப் புதியது. மொரீசியஸ் தீவின் டோடோப் பறவையை ஒல்லாந்த மாலுமிகள் கண்டது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் அப்பறவை இல்லாமற் போயிற்று. வட பசிபிக் கடலிலே ஸ்டெல்லர் என்னும் இயற்கை ஆய்வாளர் 1741இல் மாபெருங் கடற்பசு ஒன்றைக் கண்டு எழுதினார். நம் மன்னார்க் கடலின் ஆவுளியாவுக்கு அது உறவினம். இருபத்தேழே ஆண்டுகளில், 1768 அளவில், மென்மயிர்த் தோலுக்காக அக்கடலிற் சென்ற வேட்டைக்காரர் அதனைத் தின்றே தீர்த்துவிட்டனர். எனினும் உயிர்க்குலங்கள் அழிகின்றன என்பதை எலும்புகளைச் சான்று காட்டி நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் குவியே, ஆண்டு 1796. பிரெஞ்சுப் புரட்சியின் காலத்திலேதான், மன்னர் குலம் மட்டுமன்று, உயிர்க்குலமும் முடியக்கூடும் என்பதை மனிதன் கற்றான்.

நம் மரபிலே இதற்கு ஒழுக்கநெறி இல்லையா என்று தமிழ் பயின்றோர் வினவலாம். வள்ளுவர் கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்தார். கிடைத்ததைப் பகிர்ந்துண்டு பல உயிர்களையும் காத்தலை அறங்களுள் தலையாயதாக வைத்தார். அது நமக்குப் பெருமையே. ஆயின் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கொல்லாமை அறம் ஓர் உயிரைப் பற்றியது. கையிற் கத்தியோடு நிற்பவனை நோக்கி அது பேசுகிறது. ஓர் இனத்தின் அழிவு வேறு வகைப்பட்டது. ஓர் உயிரைக் கொன்றால் ஓர் உயிர் போகும். இனத்தின் கடைசி உயிரைக் கொன்றால், இனி என்றும் பிறக்கவிருந்த உயிர் யாவும் போகும். அங்கே கொல்லப்படுவது பிறப்பே. இக்குற்றத்தைச் செய்யும் வலிமை எந்தத் தனிமனிதனுக்கும் இல்லை. அதற்குக் கம்பனி வேண்டும், அரசு வேண்டும், கடனும் வட்டியும் சந்தையும் வேண்டும். ஆதலால் தனிமனித அறத்தின் அளவுகோல் மட்டும் இங்கே போதாது. சமுதாயத்தின் அமைப்பையே அளக்கும் கோல் தேவைப்படுகிறது.

திமிங்கிலம் என்னும் சொல்லே இவ்விடத்து எண்ணத்தக்கது. ‘திமி’ என்பது பெருமீன். அதனை விழுங்குவது ‘திமிங்கிலம்’. அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது ‘திமிங்கிலகிலம்’ என்று பழையோர் கற்பனை செய்து, அதற்கும் பெயர் வைத்தனர். அவ்விலங்கு கடலில் எங்கும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் மனிதன் அதனை இரும்பினாற் செய்து கடலில் விட்டான்.

3

முன்னைய வேட்டைக்காரர்க்கு நீலத் திமிங்கிலம் அகப்படவில்லை. துடுப்புப் படகை விட அது விரைந்து நீந்தும், கொன்றாலும் மூழ்கிவிடும். 1860களில் நோர்வே நாட்டு ஸ்வென் ஃபொயின், நீராவிக் கப்பலின் முனையிற் பொருத்தும் பீரங்கியையும், உடலுட் சென்று வெடிக்கும் ஈட்டியையும் உருவாக்கினார். 1925இல், கொன்ற விலங்கைப் பின்புறச் சரிவு வழியே மேலே இழுத்து நடுக்கடலிலேயே வெட்டிக் காய்ச்சி எண்ணெயாக்கும் ஆலைக்கப்பல் அந்தாட்டிக்காவில் இறங்கியது. கரையே தேவையில்லாமற் போயிற்று. கரை இல்லாத இடத்தில் எந்த நாட்டின் சட்டமும் இல்லை.

அவ்வெண்ணெய் எங்கே சென்றது? சவர்க்காரத்திற்குச் சென்றது. கொழுப்பை இறுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டபின், ஐரோப்பியத் தொழிலாளி வெண்ணெய் வாங்க வழியின்றி ரொட்டியிற் பூசிய மார்ஜரினுக்குச் சென்றது. முதலாம் உலக யுத்தத்தில் அவ்வெண்ணெயிலிருந்து கிடைத்த கிளிசரின் வெடிமருந்தாயிற்று. தொழிலாளிக்கு நல்ல கூலி கொடாத முதலாளித்துவம், அவனுக்கு மலிவான கொழுப்பைத் தேடித் தென் துருவத்திற்குச் சென்றது. 1930–31 ஆகிய ஒரே பருவத்தில் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

உயிரைக் கணக்கேட்டிற் பதியும் இவ்வழக்கத்தை நம் நாடும் கண்டதுண்டு. 1859இல் வெளியான எமர்சன் ரெனென்றின் இலங்கை பற்றிய நூல் அதற்குச் சான்று. கொன்ற யானைக்குத் தலைக்கு இவ்வளவு என ஆங்கில அரசு பரிசு வழங்கியதையும், 1848க்கு முன்னர் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியிலேயே 3,500 யானைகள் மாண்டதையும் அந்நூலிற் காண்கிறோம். யானை பயிரின் எதிரியாகவும் திமிங்கிலம் எண்ணெய்ப் பீப்பாயாகவும் பதியப்பட்டன. உயிராக எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் வேட்டை நாடுகள் 1946இல் வாஷிங்டனில் உடன்படிக்கை செய்து சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழுவை அமைத்தன. பாதுகாப்பு என்று அதன் முன்னுரை பேசிற்று. உள்ளே இருந்தது வேறு. ‘நீலத் திமிங்கில அலகு’ என்றொரு நிறை அங்கே வழங்கிற்று. ஒரு நீலத் திமிங்கிலம், இரண்டு துடுப்புத் திமிங்கிலம், இரண்டரைக் கூன்முதுகுத் திமிங்கிலம், ஆறு சேய்த் திமிங்கிலம் ஆகியவை தம்முட் சமம். ஏனெனில் அவை தரும் எண்ணெய் ஏறத்தாழச் சமம். ஆண்டுக்கு 16,000 அலகு கொல்லலாம் என்று அந்தாட்டிக்கக் கடலுக்கு விதித்தனர். எந்த இனம் எத்தனை எஞ்சியிருக்கிறது என்பது அக்கணக்கில் இல்லை. ஆகவே எல்லாக் கப்பல்களும் முதலிற் பெரியதையே தேடின. அரை அலகாகக் கணக்கிடப்பட்ட விலங்குக்குத் துப்பாக்கி திரும்பியது, பெரியது அருகிய பின்னரே.

முதலாளிகள் தாம் வாழும் வளத்தையே அழிப்பது மடமையன்றோ என்று நாம் எண்ணக்கூடும். மடமையன்று என்பதைக் கனடா நாட்டுக் கணித அறிஞர் கொலின் கிளார்க் 1973இல் நீலத் திமிங்கிலத்தையே உதாரணமாகக் கொண்டு காட்டினார். அவர் தருக்கத்தை வகுப்பறைக் கணக்காக இவ்வாறு சொல்லலாம்: ஓர் இனம் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் பெருகுகிறது என்றும், வங்கியிலிட்ட பணம் நூற்றுக்குப் பத்து வீதம் பெருகுகிறது என்றும் கொள்வோம். இலாபம் ஒன்றே நோக்கமாயின், இனத்தைக் காத்து ஆண்டுதோறும் சிறிது அறுவடை செய்வது நட்டம். கொல்வதற்கான செலவு கட்டுப்படியாகும் வரை எல்லாவற்றையும் இன்றே கொன்று, பணமாக்கி, வங்கியில் இடுவதே ஆதாயம். திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். மூலதனத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இலாப வேட்டை ஓர் உயிர்க்குலத்தை ஒழிப்பது, அதன் தருக்கம் தன் முடிவை எய்துவதே என்பதற்கு இதனிலும் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

கப்பல் முதலாளி ஒனாசிஸின் ‘ஒலிம்பிக் சலெஞ்சர்’ தடைசெய்யப்பட்ட விலங்குகளையும் பருவம் தவறியும் கொன்றமை 1950களின் நடுப்பகுதியில் அம்பலமாயிற்று. 1963இற் பிரித்தானியா இத்தொழிலைக் கைவிட்டது இரக்கத்தினால் அன்று, இலாபம் அற்றமையினால். அந்தாட்டிக்கக் கடலில் வேட்டைக்கு முன்னர் ஏறத்தாழ 2,39,000 நீலத் திமிங்கிலங்கள் இருந்தன என்றும், 1973 அளவில் 360 மட்டுமே எஞ்சின என்றும் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர்.

4

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் நமக்கு மனநிறைவு உண்டாகும். குற்றவாளி முதலாளித்துவம், தீர்ப்பும் தயார். ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை.

1919இல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, வொல்கா நதியின் முகத்துவாரத்தில் அஸ்திரகான் இயற்கைக் காப்பகம் தோன்றியது. பசியும் போரும் சூழ்ந்திருந்த வேளையிலும் இயற்கையைப் பொதுச்சொத்தாகக் காக்க இளஞ் சோவியத் அரசு முன்வந்தமை நாம் என்றும் போற்றத்தக்கது. இயற்கையை வென்றோமென்று மிதமிஞ்சிப் பெருமை கொள்ளலாகாது, ஒவ்வொரு வெற்றிக்கும் அது நம்மிடம் பழிவாங்கும் என்று ஏங்கெல்ஸ் எச்சரித்திருந்தார். ஒரு சமுதாயம் முழுவதும் சேர்ந்தாலும் பூமிக்கு உரிமையாளர் ஆகாது, அதனைச் செம்மைப்படுத்தி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் கடமையே அதற்கு உண்டு என்பது மார்க்ஸின் கருத்து.

அந்த நாட்டின் கொடி பறந்த கப்பல்கள் பின்னர் செய்தது யாது? ஜெர்மனியிடமிருந்து யுத்த இழப்பீடாகப் பெற்ற ஆலைக்கப்பலுக்கு ‘ஸ்லாவா’ எனப் பெயரிட்டு 1946இற் சோவியத் யூனியன் அந்தாட்டிக்காவில் இறங்கியது. 1959இல் ‘சோவியத்ஸ்கயா உக்ரைனா’ என்னும் மாபெருங் கப்பலும் சேர்ந்தது. ஒடெசா நகரில் வேட்டைக்காரரை வீரர்களாக வரவேற்றனர். கப்பலிலே திட்டம் ஒன்று தரப்பட்டது: இவ்வளவு தொன், இவ்வளவு எண்ணிக்கை. திட்டத்தை மிஞ்சினால் வெகுமதி. அடுத்த ஆண்டு அந்த மிகையே புதிய திட்டம். நாட்டு மக்களுக்குத் திமிங்கில இறைச்சி பெரிதாகத் தேவைப்படவில்லை. கொன்றவற்றுட் பலவற்றின் பெரும்பகுதி கடலிலேயே எறியப்பட்டது. தேவைக்காகத் திட்டம் என்பது போய்த் திட்டத்துக்காகக் கொலை என்றாயிற்று.

1959 முதல் 1961 வரை இரண்டு பருவங்களில் மட்டும், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தெற்கே, 25,000க்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களைச் சோவியத் கப்பல்கள் கொன்றன. ஆணைக்குழுவுக்குத் தந்த அறிக்கைகளில் அவற்றின் மிகச் சிறு பங்கே இருந்தது. பின்னர் நம் கடலுக்கும் அவை வந்தன. 1963க்கும் 1966க்கும் இடையில் அரபிக் கடலிலும் அதனை அடுத்த நீர்ப்பரப்பிலும் 1,294 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. ஆணைக்குழுவுக்கு இதனை எவரும் தெரிவிக்கவில்லை. நீலத் திமிங்கிலத்துக்கு உலகெங்கும் முழுப் பாதுகாப்பு என்று ஆணைக்குழு 1966இல் அறிவித்த வேளையில், வட இந்து சமுத்திரக் குலம் அவ்வாறு வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. அரபிக் கடலுக்கும் இலங்கையின் கீழ்க்கரைக்கும் இடையே அக்குலம் பருவந்தோறும் வந்துபோகிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் அங்கே விழுந்தவை சுவாமி மலையிலிருந்து நம் முன்னோர் கண்ட மூச்சுகளே.

அக்கப்பலின் தொழிலாளர் நிலை யாது? 1965இல் ‘கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா’ நாளிதழில் சாக்னின் என்னும் எழுத்தாளர், வேட்டைத் தொகுதியின் தலைவர் சொல்யானிக்கைக் கடுமையாகச் சாடினார். குளிர் கடலுக்கெனக் கட்டிய கப்பலை வெப்பக் கடலுக்குக் கொண்டுவந்து, தாங்கொணாச் சூட்டில் தொழிலாளரை வதைத்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. சொல்யானிக் பதவி இழந்தார். திமிங்கிலத்தின் முதுகில் ஈட்டி பாய்ந்த அதே மேற்றளத்திலேதான் தொழிலாளியின் முதுகும் வெந்தது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். தொழிலாளி பட்ட துன்பம் அவ்வாறு வெளிவந்தது. சட்டவிரோத வேட்டையின் உண்மைக் கணக்கோ மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் இருளிலே கிடந்தது.

அதனை வெளிக்கொணர்ந்தவர்களும் அந்நாட்டு மைந்தரே. கப்பல்களிற் பணிபுரிந்த விஞ்ஞானிகளுக்கு உண்மை எண்கள் தெரியும். அரச இரகசியம் என்பதால் வாய் திறத்தல் ஆகாது. ஆயினும் சிலர் ஏடுகளை அழியவிடவில்லை. தொர்மோசோவ் பல்லாயிரம் பதிவு அட்டைகளைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தார். செம்ஸ்கி, மிகலேவ் முதலியோரும் தத்தம் குறிப்புகளைப் பேணினர். 1993இல் அலெக்ஸி யாப்லொகோவ் உலக விஞ்ஞானிகள் முன்னிலையில் உண்மையைக் கூறினார். அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகளின்படி, சோவியத் கப்பல்கள் மொத்தமாகக் கொன்ற ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்களுள் ஏறத்தாழ 1,80,000 கணக்கிற் காட்டப்படவேயில்லை.

இவ்வுண்மையை எதிரிகளின் பிரசாரம் என்று தள்ளுவார் நம்மிடையே இருப்பின், அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: இந்த எண்களைத் தந்தவர்கள் அக்கப்பல்களிலேயே பணிபுரிந்தவர்கள். சுரண்டலை ஒழித்தோம் என்று அறிவித்த நாட்டிலும் திமிங்கிலம் எண்ணாகவே இருந்தது. அங்கே வட்டி வீதம் இல்லை. திட்ட வீதம் இருந்தது. உடைமை மாறியது, ஏட்டின் தலைப்பு மாறவில்லை. அதற்கும் மேலாக, முதலாளித்துவ நாடுகளில் இருந்த பத்திரிகையின் அரைகுறைச் சுதந்திரம்கூட இல்லாமையால், கொலையும் பெருகியது, மௌனமும் பெருகியது. மக்களின் பெயரால் நடந்த வேட்டையின் கணக்கு மக்களுக்கே மறைக்கப்பட்டது. அந்த மறைப்பு நடந்த இடத்தில் சோஷலிசம் இல்லை என்று கூறின் மிகையாகாது.

5

1956இல் இலங்கையிற் குடியேறியவரும், திருகோணமலைக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவருமான ஆதர் சி. கிளார்க், 1957இல் ‘த டீப் ரேஞ்ச்’ என்னும் நாவலை வெளியிட்டார். எதிர்காலத்தில் மனிதன் திமிங்கிலங்களை மந்தையாக மேய்த்து உணவாக்குவதாகவும், இலங்கையிலுள்ள பௌத்தத் தலைவர் ஒருவர் அக்கொலையை நிறுத்தக் கோருவதாகவும் அதிற் கதை செல்கிறது. மேய்ப்பதற்கு மந்தை இருக்கும் என்று நம்பினார் கிளார்க். பத்தாண்டு கழிவதற்குள் அந்த மந்தையே இல்லாமற் போகும் நிலை வந்தது.

அறம் முற்றாக உறங்கிவிடவில்லை. 1971இல் இலங்கையின் முன்முயற்சியால் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தது. வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1979இலோ, சின்னஞ்சிறிய செய்செல்ஸ் நாடு முன்வைத்த பிரேரணையின்படி, இதே சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக ஆணைக்குழு ஏற்றது. மூன்றாம் உலகத்தின் ஒரு தீவு, தன்னிடம் வேட்டைக்கப்பல் ஒன்றும் இல்லாத நிலையில், எல்லார்க்கும் பொதுவான ஒன்றுக்காகப் பேசி வென்றது. இந்தச் சரணாலயம் இன்றும் நிலைத்துள்ளது. 1982இல் வணிக வேட்டைக்கே இடைநிறுத்தம் தீர்மானிக்கப்பட்டது. 1987இற் சோவியத் யூனியனும் ஓய்ந்தது.

சரணாலயத்தில் என்ன எஞ்சியிருக்கிறது என்று காண, 1982 முதல் 1984 வரை ‘டியூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பல் இச்சமுத்திரத்தில் உலாவிற்று. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய இளம் ஆய்வாளர் அதிலிருந்தனர். திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களை அவர்கள் கண்டனர். ஒவ்வொன்றையும் முதுகின் புள்ளிகளைக் கொண்டு தனித்தனியே அடையாளங் கண்டனர். 1984இல் அவற்றின் குரலையும் இங்கே பதிவு செய்தனர். அதுகாறும் எண்ணெய் அலகாய் இருந்தவை, முதன்முறையாக இந்த விலங்கு, அந்த விலங்கு என்று தனித்தன்மை பெற்றன.

ஆனால் அந்த ஆண்டுகள் எவை? 1983 ஆடி எவர்க்கு மறக்கும்? கடல் மூடப்பட்டது. மீனவர் கரையிலே பசித்திருந்தனர். ஊர்கள் பெயர்ந்தன, மனிதர் மறைந்தனர். யுத்தம் முடிந்த 2009 வரை இக்கடலில் திமிங்கிலங்களை அமைதியாக எண்ணுவதற்கு வழி இருக்கவில்லை. பின்னரே ஆஷா டி வோஸ் போன்ற இந்நாட்டு ஆய்வாளரின் உழைப்பால், குளிர் கடல் நாடாது வெப்பக் கடலிலேயே ஆண்டு முழுவதும் வாழும் இக்குலத்தைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியது.

இப்பொழுது ஈட்டி இல்லை. வேறு ஆபத்து உண்டு. தெற்கே தேவேந்திர முனையை ஒட்டிச் செல்லும் கப்பற் பாதை உலகின் நெரிசல் மிக்கவற்றுள் ஒன்று. அங்கே கப்பல் மோதித் திமிங்கிலங்கள் மடிகின்றன. பாதையைச் சிறிது தெற்கே தள்ளினால் மோதல் பெரிதுங் குறையும் என்று ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெருங் கப்பற் கம்பனி தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே திருப்பிற்று. செய்ய இயலும் என்பதற்கு அது சான்று. எல்லாக் கப்பலுக்கும் விதியாக்கினாலன்றி, ஒருவரின் நல்லெண்ணம் உயிர்க்குலத்தின் காப்பு ஆகாது.

6

இனி எம் மாணவனின் வினாவுக்கு வருவோம்.

திமிங்கிலத்தைக் காக்கவேண்டும் என்போர் இன்று புதியதொரு காரணம் கூறுகின்றனர். 2019இற் சர்வதேச நாணய நிதியத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று, காபனைத் தேக்கும் பணியைக் கணக்கிட்டு, பெருந் திமிங்கிலம் ஒன்றின் பெறுமதி சராசரி இருபது இலட்சம் டொலர் என்றது. நோக்கம் நன்று என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இது அதே ஏட்டின் வேறொரு பக்கமே. அன்று எண்ணெய் அலகு. இன்று காபன் டொலர். காபனின் விலை நாளை சரிந்தால் என் செய்வது? விலையினால் வாழ்வுரிமை பெற்ற உயிர் விலையினாலேயே அதனை இழக்கும். இது திமிங்கிலத்துக்கு மட்டும் உரிய உண்மையா? தோட்டத்தில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்பதால் மட்டுமே மதிக்கப்பட்ட பெண்ணைக் கேட்டால் அவள் சொல்வாள்.

எனவே, மனிதனா, திமிங்கிலமா என்ற தராசு பொய்யான தராசு. திமிங்கிலத்தைக் கொன்ற பணம் ஏழைக்குச் சென்றதில்லை. அதனைக் கொல்லாமல் விட்டதனால் ஏழை பட்டினி கிடந்ததுமில்லை. நம் கரையின் கரைவலைக்காரர் நீலத் திமிங்கிலத்தின் மேல் ஈட்டி எறிந்தவர் அல்லர். நைலோன் வலை வந்தபின் ஓங்கில்கள் ஏராளமாக மடிந்தமையை நாம் மறைக்கவில்லை. ஆனால் வலையிற் பட்ட ஓங்கிலைக் காட்டி வறிய மீனவனை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஆலைக்கப்பலின் ஏட்டை மூடிவைப்பது அறமாகாது. காப்பின் சுமையை முதலில் ஏற்கவேண்டியவர் அழிவின் ஆதாயத்தை எடுத்தவரே.

மாணவன் கூறியதில் ஆழ்ந்த உண்மையொன்று உண்டு. அவன் கணக்கைப் பற்றியே கேட்டான். திமிங்கிலத்தின் வரலாற்றில் இரண்டு வகைக் கணக்கைக் கண்டோம். ஒன்று, உயிரை அலகாக்கி விழுங்கும் கணக்கு. மற்றொன்று, தொர்மோசோவ் தம் வீட்டில் ஒளித்து வைத்த கணக்கு. இன்னது, இந்நாளில், இவ்விடத்தில் கொல்லப்பட்டது என்று மாண்ட ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொல்லும் கணக்கு. முதலாவது கணக்கை எழுதியவர்கள் இரண்டாவதற்கு அஞ்சினர். ஏனெனில் ஓர் உயிர்க்குலம் ஒரே நாளில் அழிவதில்லை. எண்களை மறைக்க முடிந்த அத்தனை நாளிலும் அழிகிறது. அறத்தின் முதற்படி கண்ணீரன்று, ஏட்டைத் திறத்தல்.

பிள்ளையின் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டு வீதியோரத்தில் ஆண்டாண்டாக அமர்ந்திருக்கும் தாய்மார் கேட்பதும் அதுவே. அவர்களுடைய இழப்பை விலங்கின் இழப்போடு நாம் ஒப்பிடவில்லை, ஒப்பிடுதல் தகாது. ஏட்டை மூடி வைத்திருக்கும் கைகளின் இயல்பு ஒன்று என்பதையே கூறுகிறோம். மனிதரின் கணக்கைக் கேட்கத் தெரியாத சமுதாயம் பேசாத உயிர்களின் கணக்கைக் கேட்காது. அது போலவே, நம் தரப்பின் ஏட்டைத் திறக்க அஞ்சும் நாம் பிறர் ஏட்டைத் திறக்கச் சொல்லும் தகுதியை இழப்போம்.

ஆதலின் ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் கூறுவது இது. 1930–31இன் 29,000ஐ வகுப்பிலே சொல்லுங்கள். அடுத்த மூச்சிலேயே 1963–66இன் 1,294ஐயும் சொல்லுங்கள். முன்னதைச் சொல்லிப் பின்னதை விழுங்கினால் நாமும் திமிங்கிலகிலமே.

எம் மாணவனுக்கு மறுநாள் இவற்றையெல்லாம் கூறினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “அந்த அட்டையளை வீட்டிலை ஒளிச்சு வைச்சவருக்குப் பயம் இருக்கேல்லையா, சேர்?” என்று கேட்டான். இருந்திருக்கும் என்றோம். அவன் தன் கொப்பியைத் திறந்து அந்தப் பெயரை எழுதிக்கொண்டான்.